உள்ளங்கை தெரியாத நீர்

என் கொழுந்தன் கண்ணாயிரம் மண்வெட்டிக் காம்பால் என் இடக்கையில் அடித்தபோது, எலும்பு முறிந்த ஓசையை நான் தெளிவாகக் கேட்டேன். அதற்குக் காரணம் ஒரு மூட்டை யூரியா.

கீழ்பென்னாத்தூருக்கு அருகில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மீன்குட்டை உண்டு. அதில் ஆயிரத்து ஐந்நூறு கட்லாவும் ரோகுவும் வளர்ந்துவந்தன. நான் நாற்பத்தாறாம் வயதில் எழுத்துக் கற்றவள். குட்டைக்கு உரமிடும் முறையை வேங்கிக்காலில் நடந்த பயிற்சியில் என் கையாலேயே குறிப்பெடுத்துக் கற்றேன். உரம் மீனுக்கு அன்று, பாசிக்கு. பாசியே மீனுக்கு உணவு. முழங்கை வரை கையை நீரில் விடவேண்டும். உள்ளங்கை தெரிந்தால் சிறிது உரமிடலாம். தெரியாவிட்டால் ஒரு பிடியும் இடலாகாது. மேகம் மூடிய நாளில் எக்காரணத்தாலும் இடலாகாது. வெயில் இல்லாதபோது, மிகுந்த பாசி நீரிலுள்ள காற்றைத் தானே உண்டுவிடும். விடியலில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்து மடியும்.

அன்று காலை, மூன்றாம் நாளாக, தொலைவில் தெரியும் மலை மேகத்துள் மறைந்திருந்தது. மேலைக்கரையில் கண்ணாயிரம் மூட்டையைப் பிரித்து, ஒரு சட்டி யூரியாவை நீரில் வீசிவிட்டிருந்தான்.

"தம்பி, நிறுத்து! நேத்துதான் கை விட்டுப் பாத்தேன். பச்சை போதும்."

"நானும்தான் பாத்தேன், அண்ணி. கை ரேகை வரைக்கும் தெரியுது."

"காத்து அடிச்சு பாசியெல்லாம் அந்தாண்ட கரைக்கு ஒதுங்கிடுச்சு. அங்க வந்து கையை விடு."

"பச்சை ஜாஸ்தியானா மீனு ஜாஸ்தி. இதுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா! நேத்து அ, ஆ எழுதுனவங்க எனக்கு கிளாஸ் எடுக்க வந்துட்டாங்க."

நான் சட்டியைப் பிடுங்கி வயலில் எறிந்தேன். அப்போதுதான் அவன் அடித்தான். நான் விழுந்தேன். என் வயிற்றில் ஓர் உதை விட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பாசி ஒதுங்கியிருந்த கீழைக்கரையை நோக்கி நடந்தான். முழுவதையும் கொட்டப்போகிறான் என்பது விளங்கியது.

தொங்கிய கையை மார்போடு அணைத்தபடி ஓடினேன். அவன் மூட்டையைக் கவிழ்க்கக் குனிந்த கணத்தில், பின்னாலிருந்து பாய்ந்து விழுந்து அவன் கெண்டைக்காலைக் கடித்தேன். என் பற்கள் சதையில் இறங்கின. அவன் அலறினான். மூட்டை கரையில் விழுந்தது. நாங்கள் இருவரும் குட்டையில் விழுந்தோம். அவன் முட்டி என் வாயில் இறங்கியது. ஒரு பல் பெயர்ந்து நாக்கில் கிடந்தது. அதை அவன் முகத்தில் துப்பினேன். அவன் முடியைப் பற்றி, என் முழு எடையையும் அவன்மேல் போட்டு நீருக்குள் அழுத்தினேன்.

என் வலக்கை முழங்கை வரை மூழ்கியது. குனிந்து பார்த்தேன். உள்ளங்கை தெரியவில்லை. அதன் கீழிருந்த முகமும் தெரியவில்லை. நான் கற்றது சரி என்றே என் மனம் முதலில் மகிழ்ந்தது. என் கையின் கீழ் ஓர் உயிர் உதைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் பின்னரே உறைத்தது. உதை தளர்ந்துகொண்டிருந்தது.

தலையை மேலே இழுத்தேன். அவன் வாய் திறந்தது, மூடியது, மீண்டும் திறந்தது. ஓசை வரவில்லை.

"விடிஞ்சா மீனு இப்படித்தான் மேல வரும்," என்றேன். "போய் மோட்டாரைப் போடு. நாளைக்கு வரைக்கும் புதுத்தண்ணி ஓடணும்."

அவன் பச்சை நீரைக் கக்கியபடி, நான்கு காலில் தவழ்ந்து மோட்டார் கொட்டகைக்குப் போனான்.

மறுநாள் விடியலில் பதினேழு மீன்கள் மட்டுமே செத்து மிதந்தன. நான் மாவுக்கட்டுடன் கீழைக்கரையில் நின்றேன். அவன் நொண்டியபடி வந்து, எனக்கு எட்டாத தொலைவில் குந்தி, முழங்கை வரை கையை நீரில் விட்டான். விரல்கள் பச்சையில் மறைந்த உடனே, சுட்டதுபோல் வெளியே இழுத்துக்கொண்டான்.