கஸ்தோடியோவின் குட்டை

எங்கள் ஊரில் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் முதலில் எரிந்து விழுகிறவன் இந்த பிளாஸ்தான். அப்படிப்பட்ட என் காதில் இரண்டு வருஷமாக ஒரு சத்தம் கேட்கிறது. ஈரமான பிளாஸ்டிக்கை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். தம்பியின் குட்டைப் பக்கம் போனால் கேட்கும். போகாவிட்டாலும் சில நாள் கேட்கும்.

அப்பா போன பிறகு மலைச்சரிவிலிருந்த ஆலிவ் தோப்பை நானும் தம்பி கஸ்தோடியோவும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் பாதி வானம் பார்த்த பூமி. அவன் சொட்டுநீர்க் குழாய் போட்டான். குளிர்காலத்தில் வாய்க்கால்வழி வரும் முறைத்தண்ணீரைப் பிடித்து வைக்க, கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து ஒரு பெரிய குட்டையும் வெட்டினான். எட்டு வருஷத்தில் என் மரத்தில் ஒரு கூடை காய்த்தால் அவன் மரத்தில் மூன்று கூடை. எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"பறிக்கிற வரைக்கும் தண்ணி காட்டினா காய்தான் உப்பும்டா, எண்ணெய் ஏறாது. நல்ல எண்ணெய்க்கு இருக்க வேண்டிய காரமும் உன்னுதுல இல்ல, கசப்பும் இல்ல. காய்ச்சக்காரனுக்கு சூப்புல ஊத்தலாம்" என்பேன்.

"உன் எண்ணெயைக் குடிச்சவன் இருமியே செத்துருவான். உன்ன மாதிரியே ஒரே கசப்பு" என்பான் அவன். சொல்லிவிட்டு என் சிகரெட்டையே எடுத்துப் பற்றவைப்பான்.

அந்தப் பிளாஸ்டிக் சரிவு நனைந்து பாசி பிடித்தால் கால் நிற்காது. அதனால் எங்கள் பக்கம் ஒவ்வொரு குட்டையிலும் கரையிலிருந்து தண்ணீர்வரை முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று தொங்கும். விழுந்தவன் பிடித்து ஏற. அதை யாரும் தொட மாட்டார்கள்.

நான் தொட்டேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர், அறுவடை நேரம். காய் ஏற்றிய டிரெய்லரில் வலையை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்துபோனது. எண்ணெய் ஆலை அடைக்கிற நேரம் நெருங்கியது, தம்பியின் குட்டை பக்கத்தில் இருந்தது. அவிழ்த்தேன். ஒரு மணி நேரத்தில் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆலையில் வரிசை நீளம். யாரோ வைன் வாங்கிக் கொடுத்தார்கள், நின்றுவிட்டேன்.

அன்று மதியம் குட்டையின் ஃபில்டர் வாயில் அடைத்த இலையை எடுக்கப் போயிருக்கிறான் கஸ்தோடியோ. கனத்த கோட்டு, பூட்ஸ். சாயங்காலம் உடலைக் கண்டெடுத்தோம். சரிவில் கை எட்டுகிற உயரம்வரை பாசி கீறிக் கிடந்தது.

கரை முளையில் அறுந்த நுனிகூட இல்லை, கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. ஊர் அதை வைத்தே முடிவு கட்டியது. தப்பிக்க வழி வேண்டாமென்று அவனேதான் அவிழ்த்து எறிந்திருக்கிறான், கடைசி நேரத்தில் மனசு மாறிக் கீறியிருக்கிறான் என்று. அவன் மனைவி தீஸ்காரும் அதையே நம்பினாள். நான் வீட்டு அடுப்பில் கயிற்றைப் போட்டு எரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பாவி.

குட்டைத் தண்ணீரைக் குழாய்க்குத் திறந்துவிடும் வால்வு அறையைத் தீஸ்கார் பூட்டினாள். அதன்பிறகு மரங்களுக்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை. முறைத்தண்ணீர் தானாக வந்து குட்டையை நிரப்பியது, சும்மா நின்றது. இரண்டு கோடையாக மழையும் இல்லை. ஒருநாளும் தண்ணீர் காணாத என் மரங்கள் ஆழத்தில் தேடிக் குடித்து நின்றன. குழாயடியிலேயே வேர்விட்டுப் பழகிய அவன் மரங்கள் என்ன செய்யும்? இலை சுருண்டது, காய் உலர்திராட்சையாய் வற்றியது, உச்சிக்கிளைகள் பட்டன. அவளுக்கு அந்தத் தோப்பைவிட்டால் வேறு வருமானம் கிடையாது.

இந்த ஆகஸ்ட்டில் ஒரு நடுப்பகல், அவள் மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது?"

"திங்கக்கிழமை மெஷின் வருது. வேரோட பிடுங்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? குட்டை நெறையத் தண்ணி நிக்குது. இப்ப விட்டாக்கூட காய் தேறும், எண்ணெய் ஏறும். மரம் இன்னும் சாகல தீஸ்கார்!"

"அந்தத் தண்ணியவா? என்கூட வாழறதவிட அதுல சாகறதே மேலுன்னு போனான்ல? அது அவனுக்கே இருக்கட்டும்."

"அவன் அப்படி நெனக்கல."

"உனக்கென்ன தெரியும்? அன்னிக்குக் காலைல சண்டை. காபி ஆறிப்போச்சுன்னு ஆரம்பிச்சு, பெருசாயிடுச்சு. போய்த் தொலைன்னு சொன்னேன். தொலைஞ்சான்." தூரிகையைப் பெயிண்டில் முக்கி அடுத்த மரத்துக்குப் போனாள்.

பிறாண்டல் கேட்டது. பட்டப்பகலில், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே. என்னால் தாங்க முடியவில்லை.

"கயித்த அவுத்தது நான்."

அவள் திரும்பினாள். டிரெய்லர், ஆலை, வைன், அடுப்பு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"தினமும் அவனைத் திட்டினேன் பிளாஸ். எழுந்ததும் திட்டுவேன், படுக்கும்போதும் திட்டுவேன். கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூ வெச்சுது, நான் அந்தப் பக்கமே போகல. இப்ப நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேப்பேன்? சொல்லு."

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பாவாடைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் காலடியில் போட்டாள்.

"போய்த் திற."

திறந்தேன். குழாய்கள் காற்றைத் துப்பின, பிறகு சொட்டத் தொடங்கின. தீஸ்கார் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு மரத்தையும் தொட்டு என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். என்னிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் காய்ந்திருந்தது.

"மழை வர்ற வரைக்கும் தினமும் நீதான் வரணும். ஃபில்டர்ல இலை அடைச்சா நீதான் குனிஞ்சு எடுக்கணும். வேற ஆள அனுப்பின, ஊரையே கூட்டிருவேன்."

"வரேன். எத்தனை மணிக்கு வரணும்?"

"அன்னிக்கு அவன் வந்த நேரத்துக்கு" என்றாள்.