மேற்கு வாசலில் நின்ற ஆடுகள்

ரோஷீன் ஹன்ரட்டி காலையில் மலைமேல் ஏற்றிவிடும் ஆடுகள் மறுநாள் விடியும்போது சாலையோரத்து மேற்கு வாசலில் நின்றன. தெற்கிலும் ஒரு வாசல் உண்டு. அவளுடைய வீட்டுக்குப் பக்கம் அதுதான், ஆனால் அங்கே ஒன்றுகூட நிற்காது. மேலே புல் இருந்தது, ஓடையில் தண்ணீர் இருந்தது, எந்த நாயும் துரத்தவில்லை. பிப்ரவரி முழுக்க அவள் ஏற்றிவிட்டாள், அவை இறங்கி வந்தன. ஏன் என்றும் புரியவில்லை, ஏன் மேற்கு வாசல் என்றும் புரியவில்லை.

போன வருடம் கோமாரி வந்தபோது எங்கள் கிழவிமலையில் ஒரு ஆட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. நோய் கண்டதையும் காணாததையும் சேர்த்தே சுட்டார்கள். நட்டம் ஆடுகளோடு முடியவில்லை. இந்த மலையில் பங்குதாரர்கள் ஐந்து பேருக்கும் நடுவே வேலி கிடையாது. யாருடைய ஆடு எந்தச் சரிவில் மேயும் என்பது ஆட்டுக்கே தெரியும். தாய் காட்டிய இடத்தைக் குட்டி பிடித்துக்கொள்ளும், வளர்ந்ததும் தன் குட்டிக்குக் காட்டும். பல தலைமுறைகளாக இது தானாகவே நடந்ததால், ஆட்டுக்கு மலையைப் பழக்குவது எப்படி என்பதை மனிதர் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தெரிந்திருந்த ஆடுகளோ குழிக்குள் கிடந்தன. ரோஷீன் மட்டும் வெளியூரிலிருந்து புதிதாகச் சினை ஆடுகள் வாங்கினாள்.

மற்ற நான்கு பங்குதாரர்களும் மலையை ஊசியிலை மரம் வளர்க்கும் கம்பெனிக்குக் கொடுக்கத் தயார். ரோஷீன் கையெழுத்துதான் பாக்கி. ஆனால் எங்கள் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஜூலை கடைசி ஞாயிறு, ஊரே மலையேறிப் புதர்களில் கருநீலப் பழம் பறிக்கும் நாளில், எல்லோரும் சேர்ந்து ஆடுகளைப் பார்ப்போம். அன்று மேலே ஆடு இல்லாத பங்குதாரர், மற்றவர்கள் மலையைக் கொடுப்பதைத் தடுக்க முடியாது.

மலாக்கி டிரேனர் அடுத்த பண்ணைக்காரர், நான்கு பேரில் மூத்தவர். ஒரு நாள் காலையில் மேற்கு வாசலருகே டிராக்டரை நிறுத்தினார்.

"என்ன ரோஷீன், உன் விருந்தாளிங்க பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க போல?"

"நீங்களே டிக்கெட் எடுத்துக் குடுத்துடுங்க மலாக்கி. மாயோ வரைக்கும்."

"இந்த மலைக் கிழவிக்கு உன் ஆட்டைப் பிடிக்கல பொண்ணே. ஒத்துக்க."

"அவளுக்கு யாரைத்தான் பிடிச்சுது? புனிதரே வந்து மலையை விட்டுப் போன்னு சொன்னப்போ, முதுகைக் காட்டிக் கல்லா உக்காந்தவதானே?"

"நீயும் அப்படி உக்காரப் போறியா? கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரேன்."

"நிம்மதியா இருக்கணும்னுதான் போடல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரோஷீன் மட்டும் அங்கேயே நின்றாள். தான் கேலியாகச் சொன்னதுதான் உண்மை என்று அப்போது அவளுக்கு உறைத்தது. இந்த ஆடுகளை மாயோவிலிருந்துதான் லாரியில் கொண்டுவந்தார்கள். மாயோ மேற்கே இருக்கிறது. அவை இந்த மலையை வெறுத்து இறங்கவில்லை. தங்கள் மலைக்கு நடந்துகொண்டிருந்தன, மதில் வந்ததும் நின்றன. இந்தப் பிடிவாதத்தை அவளால் குறை சொல்ல முடியவில்லை. அவளே அப்படித்தான்.

காரணம் தெரிந்துவிட்டது. என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

மார்ச் நடுவில் ஒரு நாள் மேற்கு வாசலில் ஒரு ஆடு குறைந்தது. செத்திருக்கும் என்று நினைத்துத் தேடப் போனாள். மேல் சரிவில், பழுப்பேறிய பெரணிச் செடிகளுக்கு நடுவே, பச்சைத் திட்டுகள் சில உண்டு. பல தலைமுறைக்கு முந்தைய பெரும்பஞ்சத்துக்கு முன்னால் அங்கே வீடுகள் இருந்தன. கடற்கரையிலிருந்து பாசியைக் கூடையில் சுமந்து வந்து போட்டு உருளைக்கிழங்கு விளைத்தார்கள். வெயில் சாய்ந்து விழும்போது அந்தப் பாத்திகளின் வரிகள் இன்றும் தெரியும். கூரை போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள், உரம் மட்டும் மண்ணில் இருக்கிறது. அப்படியொரு இடிந்த வீட்டுக்குள், காற்று படாத மூலையில், அந்த ஆடு நாளுக்கு முன்பே ஈன்றிருந்தது. குட்டியை நக்கியது, பிறகு பனிக்குட நீர் சிந்திய மண்ணையும் நக்கியது, மறுபடி குட்டியை நக்கியது. ரோஷீனின் நாய் நெருங்கியதும் காலைத் தரையில் ஓங்கி உதைத்தது.

அவள் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாளும் அந்த ஆடு வாசலுக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மற்றவை எல்லாம் வந்தன.

இங்கே நாங்கள் எல்லோரும் சினை ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைத்து, வைக்கோலில்தான் ஈனவைக்கிறோம். குட்டி கால் ஊன்றிய பிறகே மலைக்கு அனுப்புவோம். அந்த வருடமும் நல்ல கொட்டகை அவளிடம் தயாராக இருந்தது. அதை அவள் பூட்டினாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் மலாக்கி. "ஏப்ரல்ல மேல பனி கொட்டும்."

"கொட்டட்டும். ஒரு காலத்துல அங்க மனுஷங்களே பொறந்தாங்க."

"பொறந்தவங்க எங்க போனாங்க பார்த்தியா?"

"துரத்தினாங்க, போனாங்க. என்னை யாரு துரத்துறதுன்னு பார்க்கிறேன்."

ஏப்ரலில் பனி விழவே செய்தது, இரண்டு குட்டிகள் செத்தன. அவள் இடிந்த வீடு ஒன்றின்மேல் தார்ப்பாயைக் கட்டி அங்கேயே இருந்தாள். ஆடுகளை இடிந்த வீடுகளுக்குள் பிரித்து விட்டாள். மேற்கே முகம் திருப்பிய ஆட்டைக் குட்டியின் கத்தல் திரும்ப இழுத்தது. பொழுது சாயும்போது மட்டும் நாயோடு கீழ்ப்பக்கம் நின்று மந்தையை மேட்டுக்குத் திருப்பினாள். மே மாதம் அப்படித் திருப்ப வேண்டிய ஆடுகள் குறைந்தன. ஜூனில் அவை தாமாகவே மேடேறிப் படுத்தன.

ஜூலை கடைசி ஞாயிறு, பழக்கறை படிந்த விரல்களோடு நாங்கள் எல்லோரும் மேல் சரிவில் நின்றோம். பச்சைத் திட்டுகளில் ஆடுகள் மேய்ந்தன. மேற்கு வாசலில் எதுவும் இல்லை.

"சரி, தோத்துட்டேன்," என்றார் மலாக்கி. "எப்படின்னாவது சொல்லு. எனக்கும் ஆடு வாங்கணும்போல இருக்கு."

"வளர்ந்த ஆட்டுக்கு மலையைப் பழக்க முடியாது மலாக்கி, வீணா முயற்சி பண்ணாதீங்க. சினையாவே வாங்குங்க, மேலேயே ஈன விடுங்க. எங்க சீம்பால் குடிக்குதோ அதுதான் குட்டிக்கு ஊரு. குட்டி நிக்கிற வரைக்கும் தாயும் நிக்கும். பால் மறக்கிற வரைக்கும் சாயங்காலம் மேட்டுக்குத் திருப்பி விடுங்க. அப்புறம் தாயை வித்துடுங்க, பெண்குட்டி ஒண்ணைக்கூட விக்காதீங்க."