காலி டிரம்

சேக்காட்டில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வீட்டு வரி ஒன்றுதான். ஆனால் அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது, இங்கே லாரியில் வருகிறது. அதனால் அங்கே வீட்டுக்கு ஒரு விலை. இங்கே, கேட்டாலே வயிறெரியும் அடிமாட்டு விலை.

என் முழங்கால் குடம் தூக்க மறுத்ததிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் வைத்த ஃபிளாட்டுக்குப் போகலாம் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அடுத்த தெரு விலை கிடைத்தால்தான் அது நடக்கும். ஃபாக்டரியில் ராணுவ டாங்கி பூட்டின மூளை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் காசு கொடுத்துத் தொட்டியை நிரப்பினார். பிறகு வீடு வீடாகப் போய், பெயர் எழுதி வாசலில் வைத்திருக்கும் டிரம்களை உள்ளே எடுக்கச் சொன்னார். வருஷக்கணக்கான அக்கம்பக்கத்துப் பழக்கம், யாரும் மறுக்கவில்லை. டிரம் இல்லாத வாசலில் லாரி நிற்காது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வீடு பார்க்க வந்த சௌம்யாவுக்கு ஏழு மாசம். தெருவைப் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்தது.

"நாங்க இருக்கற எடத்துல லாரித் தண்ணிதான் ஆன்ட்டி. டாக்டர் குடமே தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. இங்க குழாய்ல வருதுல்ல?"

இவர் தன் செருப்பைப் பார்த்தார். எதிர்வீட்டு வரலட்சுமிதான் கேட் அருகில் நின்றபடி பதில் சொன்னாள்.

"வருதும்மா. நல்லா வருது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சௌம்யா மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாரி வந்தது. நிற்காமல் போயிற்று. நாளைக்குத் தன் கணவரையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

சாயங்காலம் எங்கள் தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு, நொண்டி நொண்டி வரலட்சுமி வீட்டுக்குப் போனேன்.

"இன்னாக்கா இது, முட்டிவலிய வெச்சுகினு? வேணாங்க்கா. நாளிக்கு அந்தப் பொண்ணு ஊட்டுக்காரர கூட்டிகினு வருதுல்ல. உங்க தொட்டி ரொம்பியே இருக்கட்டும். நாங்க ஒரு கேன் வாங்கி ஓட்டிக்கிறோம்."

அதில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருந்தால் தேவலை. குடத்தை அவள் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த எங்கள் டிரம்மை வாசலுக்கு உருட்டினேன். பெயர் தெருப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தேன்.

"நாளைக்கு அவங்க வராங்க பத்மா," என்றார் இவர்.

"தெரியும். அதுக்குத்தான்."