ஒன்பதாயிரம் புள்ளிக்கு ஒரு குடும்பம்

1

இந்தக் கதையை ஒரு சூப்பர்மார்க்கெட் கேட்டு வாங்கியது. இருபத்தாறு வருடமாக மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் எழுதுகிறேன்; இதுவரை ஒரு ஈ காக்கைகூட 'கதை கொடு' என்று கேட்டதில்லை. நானாக அனுப்புவேன், அவர்களாகத் திருப்புவார்கள். அப்படிப்பட்டவனிடம் எதிர்வீட்டு ஜிஷா வந்து, "சேட்டா, சூப்பர்மார்க்கெட்டுல எழுதிக் கேக்குறாங்க. முப்பத்தொண்ணாம் தேதி அஞ்சு மணிக்குள்ள கிட்டணும்" என்றாள். என்ன ஏது என்று விசாரிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன்.

கடையின் பெயரை எழுத மாட்டேன். நாளைக்கும் எனக்கு அங்கேதான் வெங்காயம் வாங்க வேண்டியிருக்கிறது.

2

நடந்தது இதுதான். அந்தக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு புள்ளி. பில் போடும் பெண் நம் முகத்தைப் பார்க்காமலே "மொபைல் நம்பர்?" என்பாள். சொன்ன எண்ணில் புள்ளி ஏறும். எங்கள் சந்தில் யாரும் சொந்த எண்ணைச் சொல்வதில்லை. எல்லோரும் காளியின் எண்ணைச் சொல்கிறோம்.

காளிக்கு ஐம்பத்திரண்டு வயது. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. சந்தின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். கானா நிரம்பி (சாக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும், குழாயடியில் பெருச்சாளி செத்துக் கிடந்தாலும், குப்பை எடுக்க ஆள் வராவிட்டாலும் முதல் போன் அவளுக்குத்தான். அதனால் பெற்ற தாயின் எண் தெரியாதவனுக்கும் அவள் எண் மனப்பாடம். பின்னால் வரிசை நெருக்க, முன்னால் அந்தப் பெண் எண் கேட்க, எங்கள் வாய் தானாக அந்தப் பத்து இலக்கத்தைக் கக்கியது. முதலில் எல்லோரும் தவறாகத்தான் சொன்னோம்.

தவறைத் திட்டமாக்கியவள் ஜிஷா. மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் காளியின் போனைச் சரிபார்க்கும்போது, மாதம் ஒரு சோப்புக்கு மேல் வாங்காத பெண்ணிடம் எழுநூறு புள்ளி கிடப்பதைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே சந்துக்கு உத்தரவு வந்தது. புதன்கிழமை இரட்டைப் புள்ளி, ஆகவே செவ்வாய்க்கிழமை வரை யார் வீட்டிலும் அரிசி தீரக் கூடாது. மீனுக்குப் புள்ளி கிடையாது, அதை வெளியே வாங்கிக்கொள். சோப்பும் எண்ணெயும் 'இந்த மாத பிராண்டு' எதுவோ அதுதான். நுரை வருகிறதா என்று கேட்காதே. சொந்தப் பை கொண்டுபோனால் ஐந்து புள்ளி, ஆகவே மூன்று சாமானை மூன்று பேராகப் போய் வாங்கு.

(அடிக்குறிப்பு, அடிவரை போகாமல் இங்கேயே: தனித்தனியாகச் சேர்த்தால் வருடக் கடைசியில் ஒரு உப்புப் பாக்கெட் தேறும். அதுவும் காலாவதியான மறுநாள்தான் ஞாபகம் வரும். கடைகள் நம்பியிருப்பது நம் மறதியைத்தான். எங்கள் சந்து மறக்காததற்குக் காரணம் ஜிஷாவின் வாட்ஸாப் குழு. அதில் புள்ளி தவிர வேறெதுவும் பேசக் கூடாது. பூப்படத்தோடு குட்மார்னிங் அனுப்பியதற்காக என்னை இரண்டு முறை நீக்கியிருக்கிறாள்.)

3

எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். சரோஜம்மாவுக்காக.

கடையின் பரிசுப் பட்டியலில் ஒன்பதாயிரம் புள்ளிக்கு ஒரு வாஷிங் மெஷின் இருந்தது; துவைத்து, பிழிந்து, முக்கால்வாசி உலர்த்தியும் தரும் ரகம். சரோஜம்மாவின் கணவர் வெங்கிடாசலம் பக்கவாதத்தில் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். டயப்பர் போட்டாலும் நாளைக்கு நான்கு விரிப்பு நனையும். அறுபத்தெட்டு வயதில் சரோஜம்மா அவற்றைக் கையால் துவைத்து, கையால் பிழிந்து, கர்க்கடக மாத மழையில் காயப்போட இடமில்லாமல் மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது அவரால் சாயா டம்ளரைக்கூட ஒரு கையால் தூக்க முடியவில்லை. இந்தப் பத்தியை வேடிக்கையாக எழுத மூன்று முறை முயன்றேன். வரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

பதினான்கு மாதத்தில் ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது புள்ளி சேர்ந்தது. மெஷின் எடுக்கப் போன அன்று, காளியின் கணக்கைக் கடை முடக்கி வைத்திருந்தது.

4

எனக்கு முன்பே கடையின் கம்ப்யூட்டர் காளியைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பகுதி பகுதியாக அவள் போனுக்கே அனுப்பியும் இருக்கிறது. 'அன்புள்ள காளி, உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம்! கூழ் கொடுக்கத் தொடங்கலாமே.' அடுத்த வாரம், 'மூத்த குடிமக்களே, மூட்டுவலியா?' அதற்கடுத்து, 'பொதுத்தேர்வு எழுதப்போகும் உங்களுக்கு பாதாமில் பத்து சதவீதத் தள்ளுபடி.' பூனைக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் வந்தது. எல்லாம் மலையாளத்தில், ஜிஷா வாசிக்க வாசிக்க, காளி "ஆருக்கு? ஆருக்கு?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

கம்ப்யூட்டர் பொறுமைசாலி. நோன்புக்கு ஈத்தப்பழமும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும், கார்த்திகைக்கு நெய்யும் ஒரே பெண் வாங்கியதைத் தாங்கிக்கொண்டது. ஒரு புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நான்கு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் காளி நின்றாள். அங்கேதான் அது உடைந்தது. அப்படி நிற்கக்கூடிய ஒரு காளியைப் பற்றி அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போலும்.

மெஷின் எடுக்கப் போன மறுநாள் செய்தி வந்தது. இத்தனையும் ஒரே வீட்டு உபயோகம்தான் என்று குடும்ப விவரத்தை எழுத்தில் தர வேண்டும். தவறினால் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் புள்ளி எல்லாம் காலாவதி. ஜிஷா பதினான்கு மாதப் பட்டியலை நாற்பத்தொரு பக்கமாக அச்செடுத்து என் மடியில் போட்டாள்.

"இதெல்லாம் ஒரே பொம்பள வாங்கினதா வரணும் சேட்டா. நீங்க கத எழுதுற ஆளல்லே?"

5

தொடக்கம் அ:
நிறைமாதக் கர்ப்பிணியான காளி, மூட்டுவலித் தைலத்தைத் தேய்த்தபடியே, பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டு, பூனைக்கு

[மூச்சு முட்டுகிறது. விட்டுவிட்டேன்.]

தொடக்கம் ஆ:
காளியின் கணவனுக்குச் சர்க்கரை நோய். இருந்தும் அந்த வீட்டில் மாதம் பதினெட்டுக் கிலோ சீனி

[ஆள் இரண்டாம் பத்தியில் செத்துவிடுவான். செத்தால் ஷேவிங் பிளேடு யாருக்கு?]

தொடக்கம் இ:
அந்த வீட்டில் எந்த இரண்டு பேரும் ஒரே பற்பசையில் பல் தேய்த்ததில்லை.

[இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைக்காரர்கள் கேட்டது குடும்ப விவரம். இது குடும்பச் சண்டையில் போய் முடியும்.]

ஒருவழியாக ஒன்பது பக்கம் தேற்றினேன். ஒரு கணவன், ஒரு மாமியார், கைக்குழந்தை, தேர்வெழுதும் மகன், அவனுக்கு இரண்டு அண்ணன்மார், அவர்களைக் காதல் கல்யாணம் செய்துகொண்டு கேக்கோடும் ஈத்தப்பழத்தோடும் வந்து சேர்ந்த இரண்டு மருமகள்கள், பூனை. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு சாமானை எந்தக் கதையிலும் நான் வீணாக்காமல் பயன்படுத்தியதில்லை.

6

காளியிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. யூனிபாரத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சாரே, இந்தக் கெட்டியவன் வேண்டா. வெட்டிக்கோ."

"அவன் இல்லேன்னா பிளேடு ஆரு வாங்கினது காளி?"

"நான்தான் வாங்கினேன்னு எழுது. எனக்கு மீசை இருக்குன்னு வேணும்னாலும் எழுது. ஒருத்தனைச் சகிச்சது மதி, போதும்."

கணவன் போனான். அவனோடு மாமியாரும் போக வேண்டியதாயிற்று.

"அப்ப அந்தப் பெரிய டயப்பர்?"

"சரோஜம்மா கெட்டியவருக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா கதையில..."

"கதையில அவரு என்ன வேற ஆளா? வெங்கிடாசலம்னே எழுது. கொச்சுப் பிள்ளைக்குப் பேர் வெச்சியா?"

வைக்கவில்லை. கைக்குழந்தை, அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

"ஒண்ணு போ சாரே. பேரில்லாத பிள்ளைக்கு ஆராவது கூழ் காய்ச்சுவாளா? அதிதின்னு வை."

அதிதி மூன்றாம் வீட்டுக் குழந்தை. அந்தச் சின்ன டயப்பர் அதற்குத்தான் வாங்கியது. இப்படியே நான் பாடுபட்டு உண்டாக்கிய ஒவ்வொருவரையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் சந்தில் இருக்கிற ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். பூனையைக்கூட விடவில்லை. சாயங்காலம் ஆனபோது என் ஒன்பது பக்கத்தில் பொய் என்று ஒரு வரிகூட மிச்சமில்லை. எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு கதையைத்தான் கேட்டு வாங்கினார்கள், அதிலும் எனக்குக் கற்பனை செய்ய இடம் கிடைக்கவில்லை.

7

முப்பத்தொன்றாம் தேதி, மாலை நாலு இருபது. கடையின் மாடியில் ஒரு கண்ணாடி அறை. காளி, ஜிஷா, நான். எதிரே வாடிக்கையாளர் பிரிவு அதிகாரி ஸாதனா. திருப்பூணித்துறைக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். காகிதத்தைப் புரட்டியவர் முகம் வாடியது.

"தமிழா? ஐயோ, எனக்குப் பேசத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாதே."

"நான் வாசிக்கட்டுமா?"

"எழுதினவரே வாசிச்சா எப்படி சார்? அதுல இல்லாததையும் வாசிப்பேளே."

ஜிஷாவுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். என் ஒன்பது பக்கத்துக்கு அந்த அறையில் வாசகர் யாரும் இல்லை. எனக்கு இது பழக்கம்தான்.

ஸாதனா காளியின் பக்கம் திரும்பினார். "ரேஷன் கார்டுல நீங்க ஒருத்தர்தான் இருக்கேள். இத்தனை சாமானும் ஆருக்காக்கும்?"

"வீட்டு ஆளுங்களுக்கு."

"அவா ஆரு?"

காளி சொல்ல ஆரம்பித்தாள். சரோஜம்மா, வெங்கிடாசலம், ஜிஷா, அதிதி, அதிதியின் அம்மா, தேர்வெழுதும் பையன், அவனுடைய அப்பா. ஸாதனாவின் விரல்கள் இரண்டு சுற்று முடிந்தும் அவள் நிறுத்தவில்லை.

"இவாள்ளாம் உங்காத்துலேயா இருக்கா?"

"கானா நெறஞ்சா எல்லாரும் என்னையல்லே விளிக்கிறாங்க," என்றாள் காளி. "அப்ப அது ஆரு வீடு?"

ஸாதனா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். "எனக்குப் புரியறது. ஆனா நான் சம்பளக்காரியாக்கும், ஸிஸ்டம் ஒத்துக்கணும். ஒரு வழி இருக்கு. உங்களை நன்னாத் தெரிஞ்ச ஒருத்தர், இந்த நம்பர்ல ஒரு தீப்பெட்டிகூட வாங்காதவர், உங்க வீட்டுல இத்தனை பேர்னு சொன்னாப் போரும். அதை அப்படியே பதிஞ்சுடுவேன். எட்டுக்கு மேலன்னா இப்பவே மெஷின். ஒண்ணுன்னா எல்லாம் போச்சு."

ஜிஷா போனை எடுத்தாள். காளியின் சூப்பர்வைசர்: "சேச்சி நம்பரா? நான் ரெண்டு சாக்கு அரிசி வாங்கியிருக்கேனே." பக்கத்து வார்டு துப்புரவுக்காரர்கள் அத்தனை பேரும் வாங்கியிருந்தார்கள். சாயாக்கடைக்காரர் பால்பொடி. ரேஷன் கடைக்காரரே அந்த எண்ணில் பாசுமதி வாங்கியிருந்தார். காளியைத் தெரிந்தவர் என்றால் அவள் எண்ணும் தெரியும். எண் தெரிந்த எவரும் சும்மா இருக்கவில்லை.

நானும்தான். நாற்பது பேனா ரீஃபில், ஐந்து கட்டுத் தாள். இந்தக் கதையை எழுதிய தாளுக்கும் காளியின் கணக்கில் புள்ளி ஏறியிருக்கிறது. ஆகவே என் சாட்சி செல்லாது. இந்தக் கதையின் முடிவை நான் எழுதவும் கூடாது, பலனடைந்தவன்.

8

[இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. எழுதி அடித்தவை:

முடிவு அ: மெஷின் வருகிறது. சந்து மிகக் குறுகல், உள்ளே நுழையவில்லை. சந்தின் வாயிலேயே நிற்கிறது. சரோஜம்மாவின் விரிப்பைத் துவைத்த மிச்ச நேரத்தில் ஊரே துணியோடு வந்து வரிசையில்

முடிவு ஆ: ஐந்து மணி. புள்ளி பூஜ்யம். ஆறுதல் பரிசாக ஒரு உப்புப் பாக்கெட். காளி அதை

முடிவு இ: ஸாதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு விதியை மீறி

ஸாதனாவுக்கும் வீட்டுக் கடன் இருக்கும். அவர் வேலைக்கு உலை வைக்க எனக்கு மனசில்லை.]

9

நாலு ஐம்பத்து மூன்று. ஸாதனா பேனாவின் மூடியைத் திறந்தும் மூடியும் கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காளியை நன்றாகத் தெரிந்து, அவள் எண் மட்டும் தெரியாத ஒருவர் இருக்கிறார். அந்தப் பத்து இலக்கத்தை இந்தக் கதையில் நான் எங்குமே எழுதவில்லை.

"மேடம், ஒருத்தர் இருக்காங்க. சந்துக்காரர் கிடையாது. ஒரு தீப்பெட்டி வாங்கினதில்லை. காளி கதை முழுக்க அவங்களுக்குத் தெரியும்."

"தமிழ் வாசிப்பாளா?"

"இப்ப அதைத்தான் செஞ்சிட்டிருக்காங்க."

ஸாதனா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கடவுள் அவருக்கு நல்ல இன்கிரிமெண்ட் கொடுக்கட்டும், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தார்.

நான் உங்களுக்கு எதுவும் சொல்லித்தர மாட்டேன். ரேஷன் கார்டில் இருப்பதும் உங்களுக்குத் தெரியும், காளி சொன்னதும் தெரியும். இந்த நேரத்துக்குச் சரோஜம்மா மூன்றாவது விரிப்பைப் பிழிந்துகொண்டிருப்பார். பொய் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எது பொய் என்று எனக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

ஸாதனா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார்: "நமஸ்காரம். காளி அம்மா வீட்டுல எத்தனை பேர் இருக்கா?"

ஜிஷா நகத்தைக் கடிக்கிறாள். காளி மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, போனுக்கு அருகே குனிகிறாள்.

"பேடிக்க வேண்டா, பயம் வேண்டா. இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. மெதுவா எண்ணிச் சொல்லுங்க, ஆரையும் விட்டுராதீங்க."