தலைப் பக்கம் ஓர் அம்பு

"ஏ கிழவா, என் பேனாவ மறுபடியும் சாக்குல எழுத எடுத்தியா?" என்று என் மனைவி ஒத்திலியா கேட்டாள்.

எடுத்திருந்தேன். உருளைக்கிழங்குச் சாக்குகளில் ஊர்ப்பெயர் எழுதிவிட்டுப் படகிலேயே போட்டிருந்தேன்.

"அது புண்ணு வரையற பேனா. உன் கிழங்குக்குக் கரித்துண்டு போதாதா? போய் எடுத்துக்கிட்டு வா. எர்மினியா பத்து மணிக்கு வந்துடுவா."

இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு மேடேறி வந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள், மூச்சில்லை. கெட்டில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பேனா என் கையில் இருந்தது.

முப்பத்தோரு வருடம் எங்கள் தீவின் ஒற்றை அறை மருத்துவ நிலையத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் டாக்டர் இல்லை, படித்த நர்சும் இல்லை, உதவியாளர். டாக்டர் மாதம் ஒருமுறை விசைப்படகில் வருவார், கடல் விட்டால். இங்கே சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிகம். செருப்புக் கடித்த இடம் ஒரு மாதத்தில் கால் போகிற புண்ணாகிவிடும். காஸ்த்ரோ நகரத்தில் யசெனியா என்று ஒரு நர்ஸ் இருந்தார். புண்களை மட்டுமே பார்ப்பவர். ஆனால் அவரிடம் போக டாக்டர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். டாக்டர் வருவதற்குள் புண் காத்திருக்காது.

ஒத்திலியா தானே ஒரு வழி கண்டாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் இரண்டைப் புண்ணின்மேல் வைத்து, அதன் கரையை மெல்லிய பேனாவால் வரைவாள். புண்ணைத் தொட்ட கீழ்த்தாளை எறிந்துவிட்டு, மேல்தாளில் ஒரு சீட்டை இணைத்து உறையில் போட்டு என்னிடம் தருவாள். நான் படகில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு யசெனியா சொல்லிவிட்டார்: "ஒத்திலியாவோட தாள் வந்தாப் போதும். டாக்டர் கையெழுத்து நான் பின்னாடி வாங்கிக்கறேன்."

சுற்றியிருக்கிற தீவுகளில் வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. நான் ஆயரை ஏற்றிப் போயிருக்கிறேன், மேயரை ஏற்றிப் போயிருக்கிறேன். அவர்கள் நனைந்தார்கள். அந்த உறையை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன்.

எர்மினியா சிப்பி பொறுக்குபவள், வாய்க்காரி. வலது கணுக்காலுக்கு மேல் வெளிப்பக்கம் சிப்பி ஓடு அளவுக்குப் புண். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட அறுவை டாக்டர் தேதி குறித்திருந்தார். யசெனியா நான்கு வாரம் கேட்டு வாங்கினார்: புண் சுருங்கினால் கால் இருக்கும், இல்லையென்றால் குறித்த தேதி. கட்டு நனையக் கூடாது, அதுவரை படகேற வேண்டாம் என்றார். அவர் சொன்னபடி வாரம் இருமுறை ஒத்திலியா கட்டு மாற்றினாள். முதல் தாள் அங்கே இருந்தது. இரண்டாவது தாள் வரைய வேண்டிய காலையில்தான் அவள் போனாள்.

புதனன்று அடக்கம் செய்தோம். புது உதவியாளர் அடுத்த வாரம்தான் வருவார். நான்கு வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை தாள் காஸ்த்ரோவில் இருக்க வேண்டும். வியாழன் காலை எர்மினியா கம்பூன்றி வாசலில் வந்து நின்றாள்.

"எலியேசரு, உனக்கு வரையத் தெரியுமில்ல?"

"எனக்குப் படகு ஓட்டத்தான் தெரியும்."

"கடல்ல பாறை எங்க இருக்குன்னு படம் போட்டு வச்சிருக்கல்ல? என் புண்ணுக்கும் கரை இருக்கு. போடு."

"தப்பா வந்துட்டா, எர்மினியா?"

"வராது. தப்பா வரைஞ்சன்னா மூஞ்சிலயே உதைப்பேன். கால் இருக்கறப்பவே உதைச்சிக்கணும்."

நிலையத்தைத் திறந்தேன். மேசையில் சீட்டு தயாராக இருந்தது. எர்மினியாவின் பெயர், மருந்து, அனுப்பியவர், எல்லாம் ஒத்திலியாவின் கையெழுத்தில். படம் மட்டும் பாக்கி. பேனாவுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள்.

அவள் செய்வது போல முழங்கை வரை கழுவினேன். எர்மினியா பெஞ்சில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள். கட்டைப் பிரித்து, இரண்டு தாளை வைத்து, கரையைப் பிடித்துக்கொண்டே போனேன். படம் என்றால் அம்பு வேண்டும், அவள் தாளிலும் இருக்கும். போட்டேன். எங்கள் தீவில் வீட்டுக்குள்ளேயும் திசை சொல்லித்தான் பேசுவோம். உப்பைக் கேட்டால்கூட "வடக்க தள்ளு" என்போம்.

வெள்ளியன்று யசெனியா இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அறுவை டாக்டர் எட்டிப் பார்த்தார். புதிய கோடு பழைய கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது.

"பரவிடுச்சு," என்றார் டாக்டர். "பாவம். தேதி அப்படியே இருக்கட்டும்."

நான்தான் கெடுத்தேன், ஒத்திலியாவின் கை இருந்திருந்தால் இப்படி ஆகாது என்று நினைத்து நின்றேன்.

யசெனியா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலியேசர் ஐயா, இந்த அம்பு எங்க பாக்குது?"

"வடக்க."

"எங்க?"

"வடக்கதான். வேற எங்க பாக்கும்?"

"ஒத்திலியா நோயாளியோட தலைப் பக்கம்தான் போடுவாங்க. எர்மினியா எப்படிப் படுத்திருந்தாங்க?"

"தலை கிழக்க. சன்னல் பக்கம்."

அவர் தாளைக் கால்வட்டம் திருப்பி மறுபடி வைத்தார். புதிய கோடு பழைய கோட்டுக்குள்ளே, எல்லாப் பக்கமும் இடம் விட்டு, வற்றின குளம் போல அடங்கி உட்கார்ந்தது. அடியில் கட்டம் போட்ட காகிதத்தை வைத்துக் கட்டங்களை எண்ணினார். இருபத்துநான்காக இருந்தது பதின்மூன்றாகியிருந்தது.

"மனுஷன் கால்ல வடக்கு குறிச்சவர இப்பதான் பாக்கறேன்," என்றார் டாக்டர்.

"சிரிங்க டாக்டர், தேதிய அடிச்சிட்டுச் சிரிங்க," என்றார் யசெனியா. "இந்தப் புண்ணச் சுருங்க வச்சது நீங்களும் இல்ல, நானும் இல்ல. வாரம் ரெண்டு தடவ கட்டு மாத்தினவங்க."

டாக்டர் தேதியை அடித்தார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடக்கத்தின்போது வராத அழுகை அப்போது வந்தது. வெட்கமாக இல்லை.

புண் ஆறப் பின்னும் ஐந்து மாதம் பிடித்தது. எர்மினியா இப்போது கடல் உள்வாங்கும் வற்றத்தில் சிப்பி பொறுக்குகிறாள், என் படகைப் பார்த்தால் "வடக்கு எந்தப் பக்கம் எலியேசரு?" என்று கரையிலிருந்து கத்துகிறாள். புது உதவியாளர் நல்ல பெண். புண்ணைப் போனில் படமெடுத்து அனுப்புகிறாள். உறை தூக்கும் வேலை எனக்கு இல்லை.

போன மாதம் காஸ்த்ரோவில் யசெனியா எர்மினியாவின் அட்டையை எடுத்துக் காட்டினார். டாக்டர்கள் மூன்று பேர் மாறியிருக்கிறார்கள், மருந்து நான்கு முறை மாறியிருக்கிறது. அனுப்பியவர் என்ற இடத்தில் இன்னும் ஒத்திலியா பாரியா என்றே இருக்கிறது.