பரணில் விற்ற கவுன்கள்

எங்கள் துணிக்கடையில் கல்லா என் கையில், சரக்கு என் வீட்டுக்காரர் கையில். அவருக்கு 'முடியாது' என்ற சொல் தொண்டையைத் தாண்டி வராது. எனக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. அதனால்தான் பாக்கி கேட்டு வருகிறவர்கள் நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வருவார்கள்.

மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, இரண்டு மாதத்தில் பணம் கட்டுவோம். வீட்டில் தைத்துக் கொண்டு வருகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு. சரக்கை வைத்துவிட்டுப் போகலாம், விற்றதற்கு மாதக் கடைசியில் காசு, விற்காதது திரும்பிப் போகும். அப்படித்தான் என் நாத்தனாரும் சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துக் கொண்டு வந்தாள். பகலெல்லாம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே இஸ்திரி போடுகிற வேலை. கால் வீங்கி வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்காருவாள். புருஷன் விட்டுப் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது இந்தக் கவுன் விஷயத்தில்தான்.

இந்த மாதம் மொத்த வியாபாரி கறாராகச் சொல்லிவிட்டார், பழைய பாக்கி வந்தால்தான் புதுச் சரக்கு என்று. தேங்கிக் கிடப்பதைத் தள்ளுபடியில் போட்டால் கொஞ்சம் காசு புரளுமே என்று பரணில் ஏறினேன். பெட்டியைப் பிரித்தால் நாத்தனார் தைத்த கவுன். அடுத்த பெட்டியிலும் அதுதான். நான் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாம் விற்றுவிட்டதாக இவர் சொல்ல, மாதாமாதம் நானே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு, மடிப்புக் கலையாத கவுன்களாக மேலே உட்கார்ந்திருந்தது.

கீழே இறங்கி வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். முதல் மாதம் திருப்பிக் கொடுக்கத்தான் பையை எடுத்தாராம். "வித்துச்சாண்ணா?" என்று அவள் கேட்ட முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லையாம். எந்த நிறம் நன்றாகப் போகிறது என்று கேட்டிருக்கிறாள். வாய்க்கு வந்தபடி மஞ்சள் என்றிருக்கிறார். அவள் மஞ்சள் துணியை முழுச் சுருளாகவே வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மஞ்சள். வியாபாரிக்குப் போகவேண்டிய பணத்தையெல்லாம் மனுஷர் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாரே!

திட்டித் தீர்க்க வாயெடுத்தபோது அவர் மெதுவாகச் சொன்னார். "அவ கம்பெனி வேலைய விடப் போறாளாம். முழுநேரமும் இதையே தைக்கப் போறாளாம்."

என் கோபம் அங்கேயே நின்றுபோனது. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். வேலையும் போனபிறகு சொல்லி என்ன பிரயோஜனம், இன்றைக்கே நான் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அவள் பெரிய பையோடு வந்தாள். ஜன்னலோரம் இன்னொரு மெஷின் போடலாம், பட்டன் வைக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே போனாள். இவர் மடித்து வைத்த சட்டைகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். பதமாகச் சொல்ல வேண்டுமென்று மத்தியானமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"வேலைய விட்டுடாதே. உன் கவுன் விக்கல. எல்லாம் மேல பரண்ல இருக்கு. உங்கண்ணன்தான் சும்மா காசு குடுத்திருக்காரு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. நான் இறக்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு கவுனை எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தையல்ல ஏதாவது குறையா அண்ணி?"

குறை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருத்திக்கொள்ளலாம். கம்பெனியில் தைத்து வருவது பாதி விலைக்குக் கிடைக்கிறது. இவளுடையதை வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், அழகாயிருக்கிறது என்பார்கள், விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். அதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள்.

"வேலைய விடுறதா காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன் அண்ணி" என்றாள். திரும்பப் போய்க் கேட்டால் சேர்த்துக்கொள்வார்களாம், புதிதாக வருகிறவர்களின் சம்பளத்துக்கு.

இவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்த பையை அவள் மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"ஒண்ணுகூடவா விக்கல?"

"ஒண்ணு வித்துச்சு. நான்தான் வித்தேன்." அது பொய்யில்லை. "ஒரு அம்மா தன் பொண்ணுக்கு வாங்கினாங்க. நாலு வயசு இருக்கும்."

"கழுத்து இறுக்கலையே?"

"இல்ல. சரியா இருந்துச்சு. அந்தப் பிள்ள அதைக் கழட்டவே மாட்டேன்னு அழுது, போட்டுக்கிட்டேதான் போச்சு."

அதுவரை கலங்காமல் நின்றவள், பையைக் கீழே போட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.