சூடாமணி எடுத்துக்கொண்ட ஐந்து சதவீதம்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இது நானாக யோசித்த கதை இல்லை. அடுத்தவர் கார் கண்ணாடி வழியாகத் திருடியது.

அடையாறில் ஒரு கட்டடத்தின் பின்புறம், மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடுகிற இடம். நான் வந்த வாடகைக் கார் அங்கே நின்றுவிட்டது. "பத்தே நிமிஷம்மா" என்று ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். பத்து நிமிஷம் நாற்பதானது. (இந்தக் காரில் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. இதில் காத்திருப்பதும் பயணத்தில் சேர்த்திதான்.) பக்கத்துக் கார் ஓசையே இல்லாமல் நின்றது. காலி வண்டி என்று நினைத்து அதன் கண்ணாடியில் என் பொட்டைச் சரிசெய்துகொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன்: உள்ளே, பின்னிருக்கையில், என்னைவிடப் பத்து வயது இளையவள் ஒருத்தி காலை மடக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. போன் பார்க்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கிற முகமாகவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, சன்னலின் வெயில் மறைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான். மறைப்புக்குப் பின்னால் என்ன என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. எழுதுகிறேன்.

2

அவளுக்குச் சூடாமணி என்று பெயர் வைத்தேன். வீடு அபிராமபுரத்தில். தொடக்கம்தான் வரவில்லை.

"காருக்குள் சூடாமணி சத்தமில்லாமல் அழுதுகொண்

இல்லை. அவள் சிரித்தாளே. ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் அழுகிறாள் என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம்.

"பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சூடாமணி மெல்லத் தோடியை

இதையும் அடித்துவிட்டேன். மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு அம்மாள் தனியாக அகப்பட்டால் உடனே பாட வைத்துவிடுகிறோம். இவளுக்குச் சுருதி சேராது. விடுங்கள்.

தூங்கினாளோ? தூங்குவதற்கு யாரும் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

கடைசியில் உண்மையைப் போலத் தோன்றியது இதுதான்: அவள் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

3

சூடாமணியின் கணவர் கல்யாணராமன். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கதையில் ஒரு கெட்டவர் இருந்தால் எழுதுவது சுலபம். எனக்கு அந்தச் சுலபம் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் அவர் இல்லாத அறை இல்லை. பேப்பரை உரக்கப் படிப்பார். ஒரு பொருள் அகப்படாவிட்டால் தேடமாட்டார், "சூடா!" என்பார். கண்ணாடி எங்கே, சூடா? நகவெட்டி எங்கே, சூடா? மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை குளிர்சாதன அறையில் தூங்குவார். அந்த நேரத்திலும் கூடத்தில் அழைப்பு மணி அடிக்கும். கூரியர்காரர், குடிதண்ணீர் கேன், அடுத்த வீட்டுக் கறிவேப்பிலைத் தேவை.

சென்ற சித்திரையில் ஒருநாள் சூடாமணி காரில் விட்ட குடையை எடுக்கக் கீழே போனாள். இருக்கை கொதித்தது. ஏசியைப் போட்டாள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் எஞ்சின் உறுமியிருக்கும். காவலாளி எட்டிப் பார்த்திருப்பார். இது மின்சார வண்டி, முணுமுணுக்கக்கூட இல்லை. குளிர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். போன் மேலேயே இருந்தது. ஒரு மணி நேரம் உலகத்தில் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளும் போனாள். குடைக்காக இல்லை.

நிற்கிற காரில் ஒரு மணி நேரம் ஏசி ஓடினால் பேட்டரியில் நாலைந்து சதவீதம் குறையும்.* அது அவளுக்குத் தெரியாது. அவரும் அதை யோசிக்கவில்லை. நின்ற வண்டி எங்கே குறையப்போகிறது?

* வண்டியின் ஆப் போனில் எல்லாம் காட்டிவிடுமே, ஏசி ஓடுவதையும் காட்டுமே என்பீர்கள். ஒருவரிடம் கேட்டேன், காட்டும் என்றார். இன்னொருவர், அதெல்லாம் வண்டியைப் பொறுத்தது என்றார். என் கதைக் காரில், சாவி போட்டு உள்ளே பார்த்தால், சதவீதம் மட்டும்தான் தெரியும். வண்டி வாங்கிக் கொடுத்தவள் நான்தானே.

4

கல்யாணராமனுக்கு எண்கள் மறக்காது. முப்பது வருஷத்துக்கு முந்தைய மாணவனைப் பாண்டி பஜாரில் பார்த்தால் பெயர் தடுமாறும்; வகுப்பு எண் தடுமாறாது. அதனால் அந்தக் காரின் சதவீதத்தை அவர் குழந்தையின் உடம்புச் சூட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்.

"சூடா, நேத்திக்கு எழுபதுன்னு சொன்னேனோல்லியோ?"

"சொன்னேள்."

"இன்னிக்கு அறுபத்தஞ்சு காட்றது. நாம எங்கேயும் போகலியே?"

"நீங்களாச்சு, உங்க பெர்சன்ட்டாச்சு. என்னை எதுக்கு இழுக்கறேள்?"

அவள் பொய் சொல்லவில்லை. அப்போது அவளுக்கே தெரியாது.

பிறகு சைதாப்பேட்டை நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஸ்ரீநாத்தை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரப் போனார். முந்தைய ஞாயிறு முப்பத்தெட்டு இருந்தது, தாராளம் என்று மனக்கணக்குப் போட்டு, ஏறும்போது பார்க்கக்கூட இல்லை. இடையில் நான்கு மத்தியானங்கள் இருந்தன. திரும்பி வருகையில் சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் ஆமைப் படம் எரிந்தது. மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்தால் அந்தப் படம் வரும், வண்டியும் ஆமையாகிவிடும். பின்னால் மாநகரப் பேருந்து ஊதித் தள்ளியது. பேருந்துக்காரர் எட்டிப் பார்த்து, "யோவ் பெருசு, வண்டிய ஓட்டிக்கினு வந்தியா, தள்ளிக்கினு வந்தியா?" என்றார். ஸ்ரீநாத் இறங்கி நின்று போக்குவரத்துக்குக் கை காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அப்பா, சார்ஜ் போட மறந்துட்டேள். பரவால்ல. எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வண்டியை நான் எடுத்துண்டு போறேன். உங்களுக்கு ஆட்டோ இருக்கு. மெட்ரோ வேற வந்துண்டிருக்கு."

"அது வர்றதுக்குள்ள நான் போயிடுவேன்டா."

மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மெதுவாகக் கேட்டார்: "நிஜமாவே மறந்துட்டேனா, சூடா?"

(இங்கே சூடாமணி என்ன சொன்னாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் தட்டைத்தான் எடுத்து வைத்தாள்.)

5

அவளுக்குத் தெரியவந்தது செவ்வாய்க்கிழமை. பேட்டரியைச் சோதிக்க தௌஃபீக் வந்தார். வண்டிக் கம்பெனியின் மெக்கானிக், ஐஸ் ஹவுஸ் பக்கத்துக்காரர். காருக்குள் ஒரு கருவியைச் சொருகி அரை மணி நேரம் பார்த்தார். கல்யாணராமன் மேலே மருந்து சாப்பிடப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, பேட்டரி கல்லு மாதிரி கீது. கசிவு கிசிவு ஒண்ணும் இல்ல. மத்தியானத்துல யாரோ உள்ள குந்திக்கினு ஏசி போடறாங்க. டெய்லி ரெண்டுலேர்ந்து மூணு."

சூடாமணி குனிந்து காருக்குள் ஏசித் துவாரத்தைப் பார்த்தாள்.

"அந்தக் காத்துக்கா அவ்வளவு கரண்ட் ஆறது?"

"பின்ன? காத்து சும்மாவா வரும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீங்களாம்மா?"

"அவர்கிட்ட சொல்லிடாதேப்பா."

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன். என் வூட்டுக்காரிகூட மொட்டை மாடில போயி உக்காந்துக்குவா, நான் கண்டுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. சார் என்னாண்ட இன்னா கேட்டாரு தெரியுமா? 'வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லேன்னா, கோளாறு என்கிட்டதானேப்பா?'ன்னாரு. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு, "வண்டி நல்லா கீது சார்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றார். நல்ல சேதிதான். கல்யாணராமனுக்கு அதைவிடக் கெட்ட சேதி வேறு கிடையாது.

6

இப்போது நீங்கள் என்னைக் கேட்பீர்கள்: சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அவர் என்ன அடிக்கவா போகிறார்?

அங்கேதான் சங்கடம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மனம் குளிர்ந்து போவார். "அடடே, இதுக்கா இப்படி ஒளிஞ்சுண்டே! நானும் வரேன்" என்பார். மறுநாள் இரண்டு மணிக்குப் பேப்பரோடு முன்னிருக்கையில் வந்து உட்கார்வார். உரக்கப் படிப்பார். அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா? நாற்பத்தொரு வருஷம் அவளோடு சேர்ந்தே சந்தோஷப்பட்டவர்.

சொல்லாமல் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கார் பெங்களூர் போகும். காரோடு அவள் அறையும் போகும். அவருடைய மனக்கணக்கு அதற்கு முன்னாலேயே போய்விடும்.

ஒரு முடிவு எழுதினேன்: சூடாமணி சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள், கோளவிழி அம்மன் கோயிலுக்குக் காரில் போகிறார்கள். படித்தேன். அவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. கிழித்தேன்.

இன்னொன்று: தௌஃபீக் ஏதோ ஒரு பொத்தானைக் காட்டி, "இதான் சார் கோளாறு, சரி பண்ணிட்டேன்" என்று பொய் சொல்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அந்த மனிதரிடம் நானல்லவா பொய் சொல்லச் சொல்கிறேன்? அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, அவருக்கு உண்மையிலேயே மறதி தொடங்கியிருக்கி

மாட்டேன். அதை எழுத என் கை வராது.

7

சனிக்கிழமை. இரண்டே கால். நாளைக் காலை ஸ்ரீநாத் வருகிறான்.

சூடாமணி பின்னிருக்கையில் இருக்கிறாள். கடைசி முறை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். மேற்கு வெயில் தூண்களுக்கிடையே நுழைந்து காரின் மேல் விழுகிறது. எல்லாக் கண்ணாடிக்கும் மறைப்புப் போட்டிருக்கிறாள். ஓரத்து இடுக்கு வழியாக அவளுக்கு வெளியே தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் கார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

தூங்க வேண்டிய கல்யாணராமன் வருகிறார். பனியனும் வேஷ்டியும். கையில் சதவீதம் குறித்துவைத்த ஒரு துண்டுக் காகிதம். சைதாப்பேட்டைக்குப் பிறகு அவர் மத்தியானம் சரியாகத் தூங்குவதில்லை. மனைவி மொட்டை மாடியில் துணி எடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

காரின் முன்னால் வந்து நிற்கிறார். உதடு அசைகிறது. ஜபம் மாதிரி.

"ராத்திரி எழுபத்தொண்ணு. காலம்பற எழுபத்தொண்ணு. எழுபத்தொண்ணு. மறக்கப்படாது."

இடுப்பைத் தட்டிப் பார்க்கிறார். வேஷ்டி மடிப்பில் கை விடுகிறார். சாவி இல்லை. வீட்டில் சாவி மாட்டும் ஆணியிலும் இருந்திருக்காது, அது அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

"ஆணியில மாட்டினேன்," என்கிறார் பானெட்டைப் பார்த்து. "மாட்டினேனே." கொஞ்சம் பொறுத்து, "மாட்டினேனா?"

பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொள்கிறார். சுற்றிலும் பார்க்கிறார். ஒருவரும் இல்லை. பிறகு, எது காணாமல் போனாலும் கூப்பிடுவாரே, அப்படி, ஆனால் யாருக்கும் கேட்காத குரலில் கூப்பிடுகிறார்.

"சூடா... சாவியைப் பாத்தியோ?"

8

எட்டாவது பகுதியை நான் எழுதவில்லை.

சூடாமணிக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. அதுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டேன். இனி நான் கதவைத் திறந்தாலும் அவளுக்குத் துரோகம், திறக்காவிட்டால் அவருக்கு. உங்களில் பலர் யாரோ ஒருவருடைய எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். சிலர் யாரையோ கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதுவும் தெரியும். நீங்களே அந்தப் பின்னிருக்கையில் ஏறிக்கொள்ளுங்கள், கண்ணுகளா. குளிர்ச்சியாக இருக்கும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக யோசியுங்கள். உங்களை யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை.

ஒன்று மட்டும். அவருக்கு முழங்கால் வலி உண்டு. ரொம்ப நேரம் நிற்க வைத்துவிடாதீர்கள்.